கடல் மீன் தொட்டிக்குத் தீனி: ஒரே வேளையா, மூன்று வேளையா, ஆட்டோ ஃபீடரா?

மீன் கடையில் கேட்டால் "ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு போடுங்க" என்பார்கள். அடுத்த கடையில் "மீனோட கண்ணு சைஸ்தான் வயிறு" என்பார்கள். இரண்டையும் நம்பித் தொட்டி நடத்த முடியாது. குரோமிஸ் கூட்டம் இரண்டே நிமிடத்தில் இரண்டு நாள் தீனியைக் காலி செய்துவிடும். டேங் மீனுக்கோ வயிற்றைவிடக் குடல்தான் பெரிது. நாள் முழுக்கப் பாறையைக் கொறித்துக்கொண்டே இருக்கிற ஜாதி அது. எனவே கண்ணளவை விட்டுவிட்டு கிராமில் பேசுவோம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 4×2×2 அடி, பாறையும் மணலும் போக 400 லிட்டர் தண்ணீர். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், 10 செ.மீ. மஞ்சள் டேங் ஒன்று, பச்சை குரோமிஸ் மூன்று, மஞ்சள் ராஸ் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து, உலர்ந்த தீனிக் கணக்கில் நாளுக்கு 1.5 கிராம் தாராளம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் பத்து சிட்டிகை பெல்லட்டை (உலர்ந்த தீனி உருண்டை) போட்டுப் பத்தால் வகுங்கள். உங்கள் சிட்டிகையின் எடை தெரிந்துவிடும். வீட்டில் இரண்டு பேர் தீனி போடுவதாக இருந்தால் இரண்டு பேரும் அள்ளிப் பார்க்க வேண்டும். ஒருவர் சிட்டிகை இன்னொருவருடையதைப்போல இரண்டு மடங்கு இருப்பது சர்வசாதாரணம்.

இந்த 1.5 கிராம் தண்ணீரை என்ன செய்கிறது? பெல்லட்டில் பாதி புரதம்; புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். அதாவது ஒரு கிராம் தீனியில் 80 மில்லிகிராம் நைட்ரஜன். அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 354 மில்லிகிராம். நம் தொட்டியில் நாளுக்கு 1.3 பிபிஎம் (லிட்டருக்கு 1.3 மில்லிகிராம்), வாரத்துக்கு 9 பிபிஎம்முக்குக் கொஞ்சம் மேல். வளர்ந்து முடிந்த மீன் உடம்பில் சேர்த்துக்கொள்வது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் தண்ணீருக்கே. வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பினால் நைட்ரேட் ஏறி ஏறி 46 பிபிஎம் பக்கம் போய்த்தான் நிற்கும். 10 சதவீதம்தான் மாற்றுகிறீர்கள் என்றால் அது 90ஐத் தாண்டும். ஸ்கிம்மரும் (நுரையோடு கழிவை வெளியேற்றும் கருவி), லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கும் பாறை), சம்பில் (தொட்டிக்கு அடியில் வைக்கும் துணைத் தொட்டி) வளரும் பாசியும் எதற்கு என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். பாஸ்பேட் இன்னும் மோசம். தீனியில் ஒரு சதவீதம் பாஸ்பரஸ் என்று வைத்தாலும் நாளுக்கு 0.11 பிபிஎம். பவளம் வளர்ப்பவர்கள் 0.03 முதல் 0.1க்குள் வைக்கப் பாடுபடுகிற பொருள் இது.

இனி போட்டியாளர்களைப் பார்ப்போம்.

ஒரே வேளை

வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி இதுதான். இரவு வந்ததும் 1.5 கிராமையும் ஒரேயடியாகக் கொட்டுவது. கோமாளி ஜோடி மட்டும் உள்ள சின்னத் தொட்டியில் இது நன்றாகவே ஓடும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. நம் கலப்புத் தொட்டியில் கதை வேறு. முதல் அரை நிமிடத்தில் டேங்கும் பெரிய கோமாளியும் முட்டித் தள்ளித் தின்றுவிடும். தயங்கி நிற்கும் குரோமிஸுக்கு மிஞ்சுவது தூள்தான். பாதி தீனி ஓவர்ஃப்ளோ (தண்ணீர் சம்புக்கு வழியும் வாய்) வழியாக இறங்கி ஃபில்டர் சாக்கில் (வடிகட்டும் பை) உட்கார்ந்து அழுகும். மூன்று குரோமிஸ் இரண்டாகி, பிறகு ஒன்றாகிப்போனால் உடனே நோய் என்று மருந்து தேடாதீர்கள். வயிறு காய்ந்த கூட்டத்தில் பலவீனமானதை மற்றவை கொத்தியே முடித்துவிடும்.

மூன்று சின்ன வேளை

அதே 1.5 கிராமை மூன்றாகப் பிரித்தால் நைட்ரேட் குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. குறையாது, மொத்தம் அதேதான். மாறுவது இரண்டு விஷயம்: வீணாவது குறையும், அம்மோனியா ஒரே மூச்சில் ஏறாது. தொட்டி தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றால் இரண்டாவது விஷயம் உயிர் காக்கும்.

எங்கள் ஓட்டு இதற்குத்தான், ஆனால் மூன்று வேளையும் ஒரே பொருளாக வேண்டாம். காலையில் அரை கிராம் பெல்லட். பகலில் நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்), முழுத் தாளில் ஆறில் ஒரு பங்கு (ஒரு தாள் ஏறக்குறைய 3 கிராம்), கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டி. எண்ணெய், உப்பு, மசாலா சேர்க்காத நோரியாகப் பார்த்து வாங்குங்கள். சாயங்காலமும் மிச்சம் தொங்கினால் எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு கட்டி ஃப்ரோசன் மைசிஸ் (உறையவைத்த, இறால் போன்ற குட்டி உயிரி). கட்டி பார்க்கப் பெரிதாக இருக்கும், 3 முதல் 4 கிராம் நிற்கும். ஆனால் எட்டில் ஏழு பங்கு தண்ணீர். உலர்ந்த கணக்கில் அதுவும் அரை கிராம்தான்.

மைசிஸ் கட்டியை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் கரையவிட்டு, வலைக்கரண்டியில் வடித்துப் போடுவது நல்ல பழக்கம். தூளும் சாறும் உள்ளே போகாது. இதனால் பாஸ்பேட் பிரச்சினையே தீர்ந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பாஸ்பரஸில் பெரும்பங்கு இறாலின் சதையிலேயே இருக்கிறது. மைசிஸுக்குப் பதில் வளர்ந்த ஆர்டீமியா (உப்பு நீர் இறால்) வாங்கினால் விலை குறையும், மீனும் ஆசையாகத் தின்னும், உடம்பில்தான் ஒட்டாது.

தீனி போடும்போது ரிட்டர்ன் பம்பை (சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது) நிறுத்தி, வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் தருவது) மெல்ல ஓடவிடுங்கள். நீண்ட பிப்பெட்டால் மூன்று நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கூச்ச மீனுக்கும் கிடைக்கும். இதில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்றுதான்: நிறுத்திய பம்பை மறுபடி போட மறப்பது. 15 நிமிடத்தில் தானே ஓடத் தொடங்கும் டைமர் பிளக் ஒன்று மாட்டிவிட்டால் கவலை இல்லை. கரண்ட் போயிருக்கும் நேரத்தில் தீனியே வேண்டாம். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, அசையாத தண்ணீரில் அது குறைந்துகொண்டே வரும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சித்திரை வெயிலில் 30 டிகிரி தாண்டும் தொட்டியில் இது இரண்டு மடங்கு ஆபத்து.

ஆட்டோ ஃபீடர்

நேரம் வைத்தால் தானே தீனி போடும் கருவி. காலை வேளைக்கு மட்டும் என்றால் அருமையான பொருள். முழுத் தீனியையும் அதன் தலையில் கட்டினால் வெறும் பெல்லட்தான் போகும். கடலில் பிடித்த மீன் பல அதைத் தொடவே யோசிக்கும். குஞ்சிலிருந்து வளர்த்த கோமாளி மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் ஆராய்ச்சி நிலையங்களில் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறை கைவந்து பல வருடமாயிற்று, அப்படி வளர்ந்தவை முதல் நாளே பெல்லட்டுக்கு வந்து நிற்கும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஃபீடரின் எதிரி ஈரம். தொட்டிக்கு நேர் மேலே மாட்டினால் நாலாம் நாள் வாயில் பெல்லட் கட்டிபட்டு ஒன்றுமே விழாது. ஐந்தாம் நாள் கட்டி உடைந்து மொத்தமாக விழும். பக்கவாட்டில் தள்ளி மாட்டி, ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். மாட்டுவதற்கு முன் வெள்ளைத் தாளில் பத்துச் சுற்று ஓடவிட்டு எடை பாருங்கள். தண்ணீர்ப் பரப்பில் ஒரு ஃபீடிங் ரிங் (மிதக்கும் வளையம்) போட்டால் மிதக்கும் பெல்லட் ஓவர்ஃப்ளோவுக்குப் போகாது.

ஒருநாள் விட்டு ஒருநாள்

லயன்ஃபிஷ் போன்ற வேட்டை மீனுக்கு வாரம் இரண்டு மூன்று வேளை சரி. நம் தொட்டிக்கு இது தண்டனை. நைட்ரேட் ஏறிவிட்டது என்று மீனைப் பட்டினி போடுவதைவிட ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுவது, சாக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, தண்ணீரைக் கூடுதலாக மாற்றுவது எல்லாம் மேல். பட்டினியால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் போய் நின்றால் பவளம் வெளிறும். பழுப்பு நூல் போல டைனோ என்ற நுண்ணுயிரி படரும், அதை விரட்டுவது பச்சைப் பாசியை விரட்டுவதைவிடப் பெரும்பாடு.

அளவு சரிதானா என்று மீனின் ஆர்ப்பாட்டத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கண்ணாடி பக்கம் ஆள் வந்தாலே ஓடிவருவது பழக்கம். டேங் உங்களை நோக்கி நேராக வரும்போது பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கி, வயிறு உள்வாங்கியிருந்தால் போதவில்லை. அளவை மாற்றுவதானால் ஒரு தடவைக்கு 10 முதல் 20 சதவீதம் மட்டும். இரண்டு வாரம் பொறுத்து நைட்ரேட், பாஸ்பேட் டெஸ்ட் செய்துவிட்டு அடுத்த மாற்றம்.

ஊருக்குப் போகிறீர்களா? தெம்பாக உள்ள பெரிய மீனுக்கு மூன்று நாள் தீனி இல்லாவிட்டாலும் குறை இல்லை. அதற்கு மேல் என்றால் மாத்திரை வைக்கும் ஏழு நாள் டப்பாவில் ஒவ்வொரு கட்டத்திலும் எடைபோட்ட ஒரு கிராம் பெல்லட்டை நிரப்பிப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். பெரிய தீனி டப்பாவை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.