விலை குறைந்த சிபியு கூலர்: ஒற்றை டவரா, இரட்டை டவரா?

கம்ப்யூட்டர் பிராசசரைக் குளிர்விக்க கம்மி விலையில் நல்ல ஏர் கூலர் எது என்று கேட்டால் பெரும்பாலும் இந்த நாலு பெயர்தான் வரும்: கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 எஸ்இ, அப்புறம் அதே தெர்மல்ரைட்டின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. முதல் மூன்றும் ஒற்றை டவர் (அதாவது தகடுகளின் அடுக்கு ஒன்றுதான்), நாலு ஹீட்பைப் (சூட்டை மேலே கடத்தும் குழாய்), ஒரு 120 மி.மீ. ஃபேன். கடைசியாகச் சொன்னது இரட்டை டவர், ஆறு ஹீட்பைப், இரண்டு ஃபேன். டெம்பரேச்சர் பட்டியலில் எது ரெண்டு டிகிரி கம்மி என்று பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது சத்தத்தை. நடுத்தர பிராசசர் வைத்திருப்பவருக்கு இந்த நாலுமே சூட்டைச் சமாளித்துவிடும், காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும் ஏஎம்டி ரைசன் 5 5600, முழு வேலை கொடுத்தால் 76 வாட் வரை போகும். 105 வாட் என்று போட்டிருக்கும் ரைசன்கள் 142 வரை. இன்டெல் ஐ5-12400 அடிப்படையில் 65 வாட் என்றாலும் டர்போவில் (தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும்போது) 117 வரை இழுக்க அனுமதி உண்டு. 5600-உடன் இலவசமாக வரும் ரேய்த் ஸ்டெல்த் அந்த 76 வாட்டைத் தாங்கிவிடும், பிராசசருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது ஹீட்பைப்பே இல்லாத குட்டையான அலுமினியக் கட்டி, மேலே ஒரு சின்ன ஃபேன். கேம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்த ஃபேன் போடும் இரைச்சல் ஹெட்போனைத் தாண்டி உள்ளே வரும். மேலே சொன்ன நாலில் எதை மாட்டினாலும் இந்தத் தொல்லை பெருமளவு ஒழியும், ஏனென்றால் பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும்.

ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கணும். முழு வேலையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்பது அவற்றின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. நல்ல கூலர் போட்டால் சூடு இறங்குவதை விட கிளாக் வேகம் (பிராசசர் வேலை செய்யும் வேகம்) கொஞ்சம் ஏறுவதுதான் முதலில் நடக்கும். அதனால் 95-ஐப் பார்த்துவிட்டு கூலர் மட்டம் என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

சரி, ஒற்றை டவர்களில் எது? ஹைப்பர் 212 பத்து வருடத்துக்கும் மேலாக விற்கிற பெயர், அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் சில நேரம் விலை போடுகிறார்கள். பழைய ஈவோ மாடலை மாட்டுவது ஒரு தனி அவஸ்தை: எக்ஸ் வடிவப் பட்டை ஸ்க்ரூ முடுக்க முடுக்க வழுக்கிக்கொண்டே போகும். இன்று புதிதாக வாங்குபவருக்கு, மற்ற இரண்டை விட மலிவாகக் கிடைத்தால் ஒழிய, இதை நான் சொல்ல மாட்டேன். ஏகே400 மாட்டுவதற்குச் சுலபம், உயரம் 155 மி.மீ., ஃபேன் 1850 ஆர்பிஎம் வரை ஏறும். அசாசின் எக்ஸ் 120 எஸ்இ 148 மி.மீ. தான், ஃபேன் 1550-லேயே நின்றுவிடும். ஒல்லியான கேபினெட்டுக்கு இந்த 7 மி.மீ. பெரிய விஷயம். பழைய ஈவோ 159 மி.மீ. என்பதால் சில கேபினெட்டில் பக்க மூடியே மூடாது. வாங்கும் முன் கேபினெட்டின் விவரக்குறிப்பில் கூலர் உயரம் எவ்வளவு வரை என்று போட்டிருப்பதைப் பார்த்துவிடுங்கள்.

220 வாட் தாங்கும், 260 வாட் தாங்கும் என்று அட்டையில் அச்சடிப்பதை வைத்து ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனியோடு ஒப்பிடாதீர்கள். அதை அளக்க எல்லாருக்கும் பொதுவான முறை எதுவும் இல்லை, ஆளாளுக்கு ஒரு கணக்கு.

பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ விலையில் ஒற்றை டவரை விடக் கொஞ்சம்தான் கூட என்றால், நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன். 142 வாட் பிராசசருக்கு அது வசதியாகப் போதும், 76 வாட் பிராசசரில் ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். அதில் உள்ள சிக்கல் ரேம். முன்பக்க ஃபேன் ரேம் ஸ்லாட்டுக்கு மேலே வந்து உட்காரும், உயரமான ஆர்ஜிபி ரேம் இருந்தால் ஃபேனை மேலே தூக்கிக் கிளிப் போட வேண்டியிருக்கும், அப்போது 155 மி.மீ. என்று எழுதியிருந்த உயரம் அதையும் தாண்டிவிடும். உயரம் குறைந்த ரேம் என்றால் கவலை இல்லை. ஏழு ஹீட்பைப் உள்ள ஃபேன்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ என்ற அண்ணனும் உண்டு, ஆனால் இந்த அளவு வாட்டுக்கு அந்த ஒரு பைப்புக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பழைய கூலரை எடுத்து வைத்திருந்து புது மதர்போர்டில் போட நினைப்பவர்களுக்கு: ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு (பிராசசர் உட்காரும் இடம்) வாங்கியது, போர்டோடு வந்த பின்தகட்டிலேயே ஸ்க்ரூ ஆகும் வகை என்றால் பெரும்பாலும் அடுத்து வந்த ஏஎம்5-லும் உட்காரும். இன்டெல்லில் எல்ஜிஏ1200 சாக்கெட்டிலிருந்து 1700-க்கு வந்தபோது ஓட்டைகளின் இடைவெளி 75-லிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது, தனி பிராக்கெட் வேண்டும். ஏஎம்4-இல் பழைய கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே பூசியிருக்கும் பேஸ்ட் காய்ந்துபோய், பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவைக் கழற்றியதும் கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள்.

எதை மாட்டினாலும் அதோடு விட்டுவிடாமல் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) ஃபேன் கர்வை, அதாவது எத்தனை டிகிரிக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். பல போர்டுகளில் பிராசசர் ஒரு நொடி சூடானாலே ஃபேன் எகிறும்படி வைத்திருப்பார்கள், பிரவுசரில் ஒரு டேப் திறந்தாலும் உய்ங்கென்று ஏறி இறங்கும். 70 டிகிரி வரை ஃபேனைப் பாதி வேகத்தில் கட்டிப்போட்டு, வேகம் ஏறுவதற்குச் சில நொடி தாமதம் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடும்.