நெடுந்தூரத்துக்கு ஏற்ற சீற்: திருகோணமலை வீதிகளில் நீண்ட காலம் பாவித்துத் தெரிந்துகொண்டவை

மோட்டார் சைக்கிளின் சீற்றை மாற்ற நினைக்கிறவர் கடையில் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்க்கிறார். மெத்தென்று உள்ளே போனால் பிடித்துவிடுகிறது. பிறகு வரும் வலி பெரும்பாலும் அந்தப் பெருவிரலில்தான் தொடங்குகிறது. மென்மையான பஞ்சு முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கும். கந்தளாய் வருவதற்குள் அது நசுங்கி, உடம்பின் பாரம் அடித்தட்டில் நேரடியாக இறங்கும். மீதி ஓட்டம் முழுவதும் பிளாஸ்ரிக் பலகையில் குந்தியிருப்பதுபோலத்தான்.

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணமும் 230க்குக் குறையாது. யானைக்குப் பயந்து ஹபரணைப் பக்கத்துக் காட்டுப் பாதையில் இரவு ஓட்டத்தைத் தவிர்க்கிறோம். அதனால் முழுத் தூரமும் வெயிலுக்குள் போகிறது. காட்டு வழியில் நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கவும் முடியாது. ஆகவே இங்கே சீற்றுக்குச் சோதனை இரண்டாவது மணி நேரத்தில்தான் வருகிறது. அதைச் சூட்டிலும் தாங்க வேண்டும்.

கோர்பின், சார்ஜென்ட், சீற் கொன்செப்ற்ஸ் போன்ற பெயர்பெற்ற வெளிநாட்டுச் சீற்றுகள் பெரும்பாலும் பெரிய வண்டிகளுக்கானவை. இங்கு ஓடுகிற பல்சர், எஃப்.சி., அப்பாச்சி, ஹோர்னெட், டியோ போன்றவற்றுக்குக் கைக்கெட்டுவன மூன்றுதான்: சீற்றின் மேல் போடும் மெத்தைகள், அச்சில் வார்த்து வரும் மாற்றுச் சீற்றுகள், பழைய அடித்தட்டிலேயே குஷன் கடையில் புதிதாகக் கட்டுவிப்பது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளையே ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டி வந்தது. பஞ்சு செத்துப்போன சீற்றுகள் அதனால் நிறைய. நீண்ட பாவனையில் எங்கள் தீர்ப்பு மூன்றாவதன் பக்கம்தான். ஆனால் கடைக்காரரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில், எங்கே வலிக்கிறது?

வலிக்கும் இடம்தான் வழி சொல்லும். பிட்டத்தின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் உண்டு. உட்காரும்போது பாரத்தைத் தாங்குபவை அவை. அந்த இரண்டு புள்ளியும் எரிந்தால் பஞ்சு நசுங்கிவிட்டது அல்லது சீற் ஒடுக்கம். முன்பக்கம் மரத்துப்போனால் சீற் முன்னால் சரிந்திருக்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு பெற்றோல் தாங்கியை நோக்கி வழுக்குகிறது. முதுகெலும்பின் வால் நுனி வலித்தால் சீற்றின் பின்மேடு அந்த இடத்தில் முட்டுகிறது, அல்லது ஓட்டுபவர் கூனிக்கொண்டு இருக்கிறார். உள்தொடை வலித்தால் முன்பக்க ஓரங்கள் கூர்மையாக அல்லது அகலமாக இருக்கின்றன. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. மேலே ஒரு மெத்தை போட்டால் முதலாவது மட்டும் கொஞ்சம் குறையும்.

காசு செலவழிக்க முன், குழியின் அதிர்வை வாங்கும் பின்பக்க ஷொக்கைப் பாருங்கள். தனியே ஓடுகிறவர் ஸ்பிறிங்கை மேல் படியில் இறுக்கி வைத்திருந்தால் வீதியின் ஒவ்வொரு குழியும் சீற்றுக்கே வரும். ஒரு படி, இரண்டு படி இறக்கி, ரயர் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் ஓடிப் பாருங்கள். உள்ளாடை, காற்சட்டையின் தடித்த தையல் எலும்பு முனைக்கு நேரே வருகிறதா என்றும் கவனியுங்கள். சீற்றில் இல்லாத குறையைச் சீற்றில் தேடுகிறவர்கள் பலர்.

வடிவம், பிறகுதான் பஞ்சு

எலும்பு முனைகளின் இடைவெளியை வீட்டிலேயே அளக்கலாம். தட்டையான பலகைக் கதிரையில் நெளிவுள்ள காட்போட் மட்டை ஒன்றை வைத்து, மெல்லிய உடையோடு இருந்து, சற்று முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் பொறுங்கள். எழும்பிப் பார்த்தால் இரண்டு குழி தெரியும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்தில், அந்த இரண்டு புள்ளிக்கும் வெளியே பக்கத்துக்கு 40 மில்லிமீற்றராவது தட்டையான பரப்பு இருக்க வேண்டும். குழிகளின் இடைவெளி 120 என்றால் தட்டைப் பரப்பு 200. பல சீற்றுகள் பார்வைக்கு அகலமாக இருந்தாலும் மேல்முகம் பீப்பா போல வளைந்திருக்கும். அப்போது பாரம் எலும்பில் இறங்காமல் நடுவில் இறங்கும். அகலத்தைக் கூட்டினாலும் அந்த வளைவை வெட்டித் தட்டையாக்காவிட்டால் பயனில்லை.

அகலம் பின்பக்கத்தில்தான் வேண்டும். முன்பக்கத்தை அகலமாக்கினால் கால்கள் விரிந்து, சீற்றின் உயரம் மாறாமலே நிலம் எட்டாமல் போகும். மட்கோ சந்தியிலோ அநுராதபுரச் சந்தியிலோ நிறுத்தும்போது குள்ளமானவருக்கு அது ஆபத்து.

சரிவை அளக்கப் போனில் உள்ள மட்டம் போதும். ஆனால் வண்டியைச் சென்ரர் ஸ்ராண்டில் விட்டு அளந்தால் கணக்குப் பிழைக்கும். ஆள் ஏறியதும் ஷொக் அமர்ந்து பின்பக்கம் தாழும். ஒருவர் ஏறி இருக்க, இன்னொருவர் ஹாண்டிலைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்த, மூன்றாமவர் சீற்றின் ஓரத்தில் போனை வைத்துப் பார்க்க வேண்டும். முன்னால் 3 பாகைக்கு மேல் சரிந்திருந்தால் வழுக்கல் நிச்சயம். முன்பக்கத்தை உயர்த்துவதைவிட, உட்காரும் இடத்தில் 10 முதல் 15 மில்லிமீற்றர் வெட்டிப் பதிப்பதே நல்லது, உயரமும் கூடாது.

இனிப் பஞ்சு. அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீற்றர் பஞ்சின் எடை. மலிவு மெத்தைப் பஞ்சு 20 கிலோவை ஒட்டி நிற்கும். தொடும்போது நன்றாக இருக்கும், சில மாதத்தில் குழி விழும். சீற்றுக்கு 50க்கு மேல் வேண்டும். கடையில் "ஹை டென்சிற்றி" என்று சொல்வதை நம்பத் தேவையில்லை. 20 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், 5 தடிப்பில் ஒரு துண்டு வெட்டித் தராசில் வையுங்கள். அது சரியாக 2 லீற்றர் கன அளவு. 100 கிராம் காட்டினால் அடர்த்தி 50. 40 கிராம்தான் என்றால் அடர்த்தி 20. அதைத் தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதே துண்டைச் சீமெந்துத் தரையில் போட்டு, ஒரு பக்க எலும்பு அதன் மேல் வரும்படி பத்து நிமிடம் இருங்கள். தரை தட்டுப்பட்டால் அந்தப் பஞ்சு உங்கள் எடைக்குப் போதாது. 60 கிலோ ஆளுக்கு நல்லது என்று பட்டது 90 கிலோ ஆளுக்கு நசுங்கிவிடும். ஒருவர் புகழும் சீற் இன்னொருவருக்குப் பிடிக்காமல் போவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

நீண்ட நாள் நின்று பிடித்த அடுக்கு இது. அடியில் பழைய வார்ப்புப் பஞ்சு நல்ல நிலையில் இருந்தால் அதையே விட்டு, செத்த பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தில், துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த ரீபொண்டெட் பஞ்சு 25 முதல் 30 மில்லிமீற்றர். மேலே 50க்கு மேற்பட்ட அடர்த்தியில் 20 மில்லிமீற்றர். கடைசியில் மேடுபள்ளம் தெரியாமலிருக்க 5 மில்லிமீற்றர் மென்பஞ்சு. ரீபொண்டெட்டை மட்டும் வைத்துக் கட்டினால் கல்லாகிவிடும்.

குஷன் கடையில் பிழைக்கும் இடங்கள்

பசைதான் முதல் சிக்கல். சப்பாத்துக்கு ஒட்டும் மஞ்சள் பசையைத் தடிப்பாகப் பூசினால் காய்ந்ததும் தோல்போல இறுகி, பஞ்சுக்குள் ஒரு கடினமான தட்டு உருவாகும். இரண்டு முகத்திலும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். உட்காரும் நடுப்பகுதியில் இன்னும் குறைவாகப் பூசினால் போதும்.

இணைப்பு ஓரங்களைக் கத்தியால் மட்டும் சரிசெய்தால் வரம்பு தெரியும். கிரைண்டரில் 40 அல்லது 60 இலக்க மணற்தாள் வட்டு பூட்டி, பஞ்சை மெல்ல உரசி ஓரத்தைக் கரைக்க வேண்டும். கையால் தடவும்போது தெரியாத வரம்புகூட இரண்டாவது மணி நேரத்தில் தெரியும்.

மூன்றாவது, கவர். ரெக்சினை வெயிலில் அரை மணி நேரம் போட்டு இளக்கிய பிறகே இழுக்க வேண்டும். முதலில் முன்முனை, பிறகு பின்முனை, பிறகு பக்கங்களின் நடுவிலிருந்து இரு புறமும். அளவுக்கு மீறி இறுக்கினால் கவரே ஊஞ்சல்போலப் பாரத்தைத் தாங்கும். கீழே எவ்வளவு நல்ல பஞ்சு இருந்தும் அது வேலை செய்யாது. நிறையப் பேர் பஞ்சைக் குறை சொல்வது உண்மையில் இந்த இறுக்கத்தைத்தான். உட்காரும் இடத்தில் கவரைக் கிள்ளினால் சற்றாவது கைக்குள் வர வேண்டும். எலும்பு முனைகள் படும் இடத்தில் தையல் வரவே கூடாது.

ஸ்ரேப்பிள் பின் 6 மில்லிமீற்றர் நீளம் போதும். நீளம் கூடினால் அடித்தட்டைத் துளைத்து மேலே வரும். இங்கே உப்புக் காற்றில் சாதாரண பின் விரைவில் துருப்பிடித்து, கவர் ஓரம் ஓரமாகக் கழன்றுவிடும். துருப்பிடிக்காத உருக்குப் பின் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லையென்றால் நீங்களே ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுங்கள். முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் வண்டி நிற்கிறவர்களுக்குக் கட்டாயம்.

மேலே போடும் சாமான்கள்

வலை போன்ற முப்பரிமாணத் துணிக் கவரை நாங்கள் மனதாரச் சொல்வோம். வலியை அது பெரிதாகக் குறைக்காது. ஆனால் வறண்டு சுடும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் நின்ற கறுப்பு ரெக்சினில் உடனே ஏறி இருக்கலாம், வியர்வை தேங்காது, மழைநீர் வடிந்துபோகும். குறை என்னவென்றால் கடற்கரை மணல். வலைக்கு அடியில் புகுந்த மணல், ஒவ்வொரு அசைவிலும் ரெக்சினைத் தேய்க்கும். வாரத்துக்கு ஒருமுறை கழற்றி உதறாவிட்டால் கவர் வெளிறிப் பிய்யும்.

ஜெல் மெத்தையை வெளியில் போடுவதை இந்த ஊருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதிர்வை நன்றாக வாங்கும். ஆனால் வெயிலில் நின்றால் சூட்டைச் சேர்த்துவைத்து, ஏறி இருந்த பின்னும் வெகு நேரம் விடாது. வேண்டுமென்றால் பஞ்சில் குழி வெட்டி, மேலே 12 மில்லிமீற்றர் பஞ்சு மூடும்படி உள்ளே பதிக்கலாம். அதன் விளிம்பு சுற்றியுள்ள பஞ்சோடு சமமாக இருக்க வேண்டும்.

காற்று மெத்தை வேறு இனம். அழுத்தத்தைப் பகிர்வதில் இதற்கு நிகரில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் அதிகமாக ஊதிவிடுகிறார்கள். ஊதி, ஏறி இருந்து, வால்வைத் திறந்து, சீற்றுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் மிதக்கும்வரை காற்றை விட வேண்டும். பந்துபோல உருட்டினால் வளைவில் உடம்பு ஆடும். விடிகாலைக் குளிரில் சரிபார்த்தது மதியச் சூட்டில் உப்பும். 25 பாகை செல்சியசில் அடைத்த காற்று 50இல் ஏறக்குறைய 8 சதவீதம் விரியும். நுவரெலியா போகிறவர் இன்னும் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், மெத்தை தானாகவே பெருக்கும். மேலே போய்க் கொஞ்சம் விட வேண்டும், இறங்கும்போது திரும்ப ஊத வேண்டும்.

மாரி

வடகீழ்ப் பருவமழையில் சீற்றுக்குள் தண்ணீர் இறங்குவது தையல் துளைகளால்தான். பஞ்சு அதைக் குடித்து நாட்கணக்கில் வைத்திருக்கும். ஏறி இருந்ததும் உடுப்பு நனையும், மணம் வரும், பஞ்சும் சீக்கிரம் உதிரும். பஞ்சுக்கும் கவருக்கும் இடையில் மெல்லிய பொலித்தீன் விரிப்பு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். தடித்த பொலித்தீன் சரசரக்கும், சூட்டையும் கூட்டும். அடித்தட்டில் உள்ள சிறு துளைகளை அடைக்கக் கூடாது. ஆள் இருக்கும்போது காற்று வெளியேறவும், உள்ளே போன தண்ணீர் வடியவும் அவைதான் வழி. தண்ணீர் இறங்குகிறதோ என்று சந்தேகம் இருந்தால், மழைக்கு முன்னும் பின்னும் சீற்றைக் கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள்.

பின்னால் இருப்பவருக்குப் பஞ்சு இன்னும் கெட்டியாக வேண்டும், ஏனென்றால் அவர் பின்சில்லுக்கு நேர் மேலே இருக்கிறார்; குழியில் விழும்போது அவருக்குத்தான் முதல் அடி. சேலையோடு ஒரு பக்கமாக இருப்பவர் என்றால் இடது ஓரம் முதலில் சாகும். அந்த ஓரத்தில் ரீபொண்டெட்டை விளிம்புவரை கொண்டுபோக வேண்டும்.

புதிதாகக் கட்டிய சீற் முதல் சில நூறு கிலோமீற்றருக்குக் கடினமாகவே இருக்கும். அடுத்த நாளே திருப்பிக் கொடுத்து மென்மையாக்கச் சொல்ல வேண்டாம். புல்மோட்டை வரை, பிறகு கிண்ணியாப் பாலம் தாண்டி வெருகல் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி, 1,000 கிலோமீற்றர் ஆனதும் கழற்றிப் பாருங்கள்: பின்கள் எல்லாம் பிடித்திருக்கின்றனவா, அடித்தட்டின் றப்பர்க் குமிழ்கள் சட்டத்தில் சரியாகப் பதிகின்றனவா, உட்காரும் இடத்தில் கவர் தளர்ந்து சுருக்கம் விழுந்திருக்கிறதா. சுருக்கம் இருந்தால் பின்பக்கப் பின்களை மட்டும் எடுத்து, ஒருமுறை இழுத்து அடித்தால் போதும்.