ஞானப்பல்: எட்டை எடுப்பதா, ஏழைக் காவு கொடுப்பதா?

என் கீழ்த்தாடையில் ஞானப்பல் இரண்டு பக்கமும் கோணலாகத்தான் முளைத்தது. வலது பக்கத்தை நாலு வருஷம் மாத்திரையிலேயே ஓட்டினேன். இடது பக்கத்தை இரண்டாவது வீக்கத்திலேயே எடுத்துவிட்டேன். ஒரே வாய், ஒரே ஆள், ஒரே பிரஷ். இரண்டு விதமான முடிவு. இதைவிட வசதியான ஒப்பீடு எனக்குக் கிடைக்காது என்பதால் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடிக்கடி வீங்குகிற கீழ் ஞானப்பல் என்றால், எடுத்துவிடுங்கள் என்கிற கட்சி நான்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கடைசியாக முளைக்கிற பல் இது. தாடையில் இடம் போதாமல் பாதி வெளியே, பாதி ஈறுக்குள்ளே என்று நின்றுவிடும். அதன் தலைமேல் ஒரு சதை மடிந்து மூடியிருக்கும். அந்த மடிப்புக்குள் சோறும் கிருமியும் புகுந்தால் வீங்கும். வீங்கிய சதையை மேல்பல் கடிக்கும், கடிபட்டு இன்னும் வீங்கும். பிறகு வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது, எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் இழுக்கும். பட்டவர்களுக்குத் தெரியும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று. மாத்திரை, உப்புத் தண்ணீர் என்று அவ்வப்போது சமாளிப்பது. மேலே மூடியிருக்கிற சதையை மட்டும் வெட்டிவிடுவது. பல்லையே எடுத்துவிடுவது.

மாத்திரை வழியின் பெரிய வசதி, அது உடனே கேட்கும். மூன்றாம் நாள் வாய் திறக்கும், ஐந்தாம் நாள் பிரியாணி சாப்பிடலாம், ஆறாம் நாள் பல் இருப்பதே மறந்துபோகும். அதுதான் அதன் மோசமும். நாலு வருஷத்தில் வலது பக்கம் எனக்கு ஆறு தடவை வீங்கியது. தீபாவளிக்கு ஒரு தடவை, ஆடிட் நேரத்தில் தூக்கமில்லாமல் இருந்தபோது ஒரு தடவை, சளி பிடித்தபோது ஒரு தடவை. கடைசி இரண்டு தடவை டாக்டரிடம்கூடப் போகவில்லை. மெடிக்கல் கடைக்காரர் என் கன்னத்தைப் பார்த்தே, "ஏனுங்க, மறுக்காவும் பல்லா?" என்று கேட்டுவிட்டுப் பழைய மெட்ரோனிடசோல், அமாக்சிசிலின் அட்டைகளை எடுத்து வைத்துவிடுவார். அவர் அன்பு பெரிது. ஆனால் அது தப்பு, நான் வாங்கியது அதைவிடத் தப்பு. மெட்ரோனிடசோல் ஓடும்போது எதைத் தின்றாலும் இரும்புக் கம்பியை நக்கின மாதிரி இருக்கும். தண்ணியடிக்கிறவர்கள் மெட்ரோனிடசோல் போடுகிற நாட்களிலும், அது முடிந்து இரண்டு நாளுக்கும் அந்தப் பக்கமே போகக்கூடாது; வாந்தி, படபடப்பு என்று வேறு இடத்தில் கொண்டுபோய் விடும்.

மாத்திரை கிருமியைக் குறைக்கும். சதை மடிப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஒழுகுகிற கூரையை மாற்றாமல் கீழே பாத்திரம் வைக்கிற வேலைதான். சொல்லப்போனால், அந்த வீக்கத்தில் மாத்திரையைவிட அதிகம் உதவியது டாக்டர் ஊசி முனையை மடிப்புக்குள் விட்டு மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியதுதான். முதல் தடவை அப்படிக் கழுவியபோது வெளியே வந்ததைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். முருங்கைக்கீரைக் காம்பு, கால் அங்குலத்துக்கும் குறைவு, கறுத்துப்போய். நாங்கள் வீட்டில் கீரை ஆக்கி ஒன்பது நாளாகியிருந்தது. நாற்றத்தைப் பற்றி நான் எழுதவில்லை.

கிராம்பு எண்ணெய் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வலி மரத்துப்போகும், ஆனால் எண்ணெயைச் சதையில் நேராக வைத்தால் பொசுக்கிவிடும், எனக்குப் பொசுக்கியது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நல்லதுதான். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீரும் நல்லதுதான், வாரக்கணக்கில் போட்டால் பல்லில் காப்பிக் கறை ஏறும்.

சதையை வெட்டுகிற வழியில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. என் தம்பிக்குச் செய்தார்கள், கூட உட்கார்ந்திருந்தேன். லேசரில் பத்து நிமிஷம், ரத்தம் பெரிதாக இல்லை, செலவும் குறைவு. எட்டு மாதத்தில் சதை பழையபடி வளர்ந்து மூடிக்கொண்டது. ஆபீஸில் ஒருவருக்கு அதே சிகிச்சை மூன்று வருஷமாக நிற்கிறது. வித்தியாசம் எக்ஸ்ரேயில் இருந்தது: அவருடைய பல் நேராக முளைத்தது, அதற்குப் பின்னால் தாடை எலும்பு வரை கொஞ்சம் இடமும் இருந்தது. தம்பியின் பல் முன்பக்கம் சாய்ந்து பாதி புதைந்து கிடக்கிறது. நேர்ப்பல்லும் இடமும் இருந்தால் இதைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. இரண்டு பேரை வைத்து இதற்கு மேல் நான் சட்டம் பேச முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல் எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது நாம் எல்லாரும் வலியைக் கணக்குப் போடுகிறோம், செலவைக் கணக்குப் போடுகிறோம். நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது பக்கத்துப் பல்லை.

பல் டாக்டர்கள் நடுப்பல்லிலிருந்து எண்ணுவார்கள். ஞானப்பல் எட்டு. அதற்கு முன்னால் நிற்கிற பெரிய கடைவாய்ப்பல் ஏழு. ஆறாவது வீக்கத்தின்போது முழுத் தாடை எக்ஸ்ரே, அதாவது ஓ.பி.ஜி., எடுத்துத் திரையில் போட்டார் டாக்டர். நான் எட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எட்டை விடுங்க சார், ஏழைப் பாருங்க" என்றார். அடி வாங்குவது எப்போதும் ஏழைதானே என்று எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது. அது அவர் பேனா முனை காட்டிய இடத்தைப் பார்க்கும் வரைக்கும்தான். ஏழின் பின்பக்கம், ஈறுக்குக் கீழே, பயறு அளவுக்கு ஒரு கறுப்பு. சொத்தை.

காரணம் எளிது. கோணல் எட்டு முன்பக்கம் சாய்ந்து ஏழின் முதுகில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குப் பிரஷ் போகாது, நூல் போனாலும் சாய்ந்த பல்லில் சிக்கிக்கொண்டு திரும்பி வரும். இரவு படுக்கும் முன் கண்ணாடி முன்னால் மொபைல் டார்ச்சை வாய்க்குள் அடித்து, குழந்தைகளுக்கான சின்னப் பிரஷைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்திருக்கிறேன். கூடவே சிரிஞ்சில் உப்புத் தண்ணீர். முதல் வாரம் ஒழுங்காகச் செய்வேன். மூன்றாவது வாரம் சனி ஞாயிறு மட்டும். ஒன்றரை மாதத்தில் சிரிஞ்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பல்லை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவர் உண்மையில் இந்தப் பராமரிப்பை ஆயுள் முழுக்கச் செய்கிறேன் என்று சொல்கிறார். செய்ய முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை.

எட்டு போனால் ஒன்றும் குறையாது. அதை வைத்து நாம் மெல்லுவதே இல்லை. ஏழு அப்படியில்லை. கரும்பும் கறியும் அரைபடுகிற அம்மி அது. அதன் பின்பக்கச் சொத்தைக்கு, எட்டு இருக்கும்வரை ஒழுங்காக மருந்து வைத்து அடைக்கவும் முடியாது, கை போகாது. எனக்கு முதலில் எட்டை எடுத்து, புண் ஆறியபின் ஏழுக்கு ரூட் கெனால், அதன்மேல் கேப். கேப் உட்கார ஈறையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது.

கணக்கு இப்படி வந்தது. வலது பக்கம்: ஆறு தடவை மாத்திரைக்கு 1,500 ரூபாய், பல் எடுக்க 8,000, ரூட் கெனாலும் கேப்பும் 10,500, எடுத்த இடத்தில் வந்த வலிக்கு மூன்று தடவை மருந்து வைக்க 900. மொத்தம் 20,900. இடது பக்கம்: முப்பரிமாண ஸ்கேன் 1,800, எடுக்க 8,000, மருந்து 450. மொத்தம் 10,250, ஏழு இன்னும் சொந்தப் பல்லாகவே நிற்கிறது. எங்கள் ஊர்த் தனியார் கிளினிக் விலை இது. சென்னையில் இருப்பவர்களுக்கு 1953-இலிருந்து நடந்துவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்கப் பொறுமை இருந்தால் அங்கே போகலாம்.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். தொந்தரவே செய்யாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாகப் பிடுங்காதீர்கள் என்று எந்தச் சிகிச்சை யாருக்கு என்று சொல்கிற பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2000-இலேயே வழிகாட்டுதல் கொடுத்தது. ஈறு ஒரே ஒரு தடவை வீங்கினால், அது ரொம்பக் கடுமையாக இல்லாத பட்சத்தில், அதுவும் காரணம் ஆகாது. இரண்டாவது தடவையும் வந்தால் எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்றது. நான் இடது பக்கத்துக்கு எடுத்த முடிவு இதற்குள்ளேதான் வருகிறது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த நாட்டுப் பல் மருத்துவர்களே எழுதியது என்னவென்றால், ஞானப்பல் எடுக்க வருகிறவர்களின் சராசரி வயது இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதைத் தாண்டிவிட்டது, சொத்தையோடு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள் என்பதே. வயது ஏற ஏற எலும்பு இறுகும், எடுப்பதும் ஆறுவதும் சிரமம். என் மேல் ஞானப்பற்கள் இரண்டும் நேராக இருக்கின்றன, பிரஷ் போகிறது. அவற்றை நான் தொடவில்லை.

எடுக்கும்போது வலிக்குமா என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. மரத்துப்போக ஊசி போட்டபின் வலி இல்லை, சத்தம்தான். பல்லை இரண்டாக அறுத்து எடுத்தார்கள்; கரும்பைக் காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் மண்டைக்குள் கேட்கும். நாற்பது நிமிஷம், மூன்று தையல். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். முதல் நாள் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது. இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது. குழியில் உறைந்த ரத்தக்கட்டு பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். எனக்கு வலது பக்கம் அதுதான் நடந்தது. நாலாம் நாள் ஆரம்பித்த வலி காதுக்கும் பொட்டுக்கும் ஏறியது. நாலு வருஷ வீக்கங்களில் எதுவும் அந்த வலிக்குப் பக்கத்தில் வராது. புகை பிடிப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். நான் புகைப்பதில்லை, மூன்றாம் நாள் ஆசைப்பட்டு ஜிகர்தண்டாவை ஸ்ட்ராவில் உறிஞ்சினேன்.

அடுத்தது நரம்பு. கீழ் ஞானப்பல்லின் வேர்களை ஒட்டி உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஓடுகிறது. இடது பக்கம் என் வேர் அதை உரசிக்கொண்டு நின்றது, அதனால்தான் அந்த ஸ்கேன். எடுத்தபின் மூன்று வாரம் இடது மோவாய் மரத்தே கிடந்தது. சாப்பிடும்போது சாம்பார் வழிவது எனக்குத் தெரியாது, எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணரசி, என் ஏழு வயது மகள், "அப்பா, தாடி" என்பாள். பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி இருந்து மெல்ல உணர்ச்சி திரும்பியது. நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான் என்றாலும், அந்த ஒருவர் நாமாக இருந்தால் நூறு என்ன கணக்கு? வேர் நரம்போடு பின்னிக் கிடந்தால் தலையை மட்டும் அறுத்தெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடுகிற முறை இருக்கிறது. அப்படிச் செய்துகொண்ட யாரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் டாக்டர் அதைச் சொன்னால் பேராசைப்படாமல் கேளுங்கள். நரம்பு விஷயத்தில் மட்டும் என் கட்சிக்கொடியை இறக்கி வைத்துவிடுவேன்.

சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் நாற்காலியில் சாயும் முன்பே சொல்லிவிடுங்கள். வீங்கியிருக்கும்போதே எடுங்கள் என்று அடம்பிடிக்க வேண்டாம். பெரும்பாலும் கழுவி, மாத்திரை கொடுத்து, அடங்கியபின்தான் கை வைப்பார்கள். அந்த ஒரு வாரத்துக்குத்தான் மாத்திரை. ஆனால் நாக்குக்கு அடியில் கெட்டியாக வீங்கினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், மூச்சு இழுத்தால், அது கிளினிக் விவகாரம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி, அதே இரவு. பல்லில் தொடங்கும் அந்தச் சீழ் தொண்டையை அடைத்து ஆளையே கொல்லும். 1836-இல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயர்தான் இன்றும் அந்த நோய்க்கு.

போன வாரம் தம்பிக்கு மறுபடி வீங்கியது. இந்தத் தடவை மெடிக்கல் கடைக்குப் போகாமல் ஓ.பி.ஜி. எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "எட்டு எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டிருந்தான். படத்தை விரித்து நேரே ஏழின் முதுகுக்குப் போனேன். எக்ஸ்ரே பார்க்க நான் டாக்டர் இல்லை, ஆனால் எனக்குக் காட்டிய அந்தக் கறுப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். வெள்ளையாகத்தான் இருந்தது. "வீக்கம் வடிஞ்சதும் முதல் டோக்கன் போட்டுரு" என்று பதில் அனுப்பினேன்.