மூன்று மொழி ஆப்பில் ஆண்ட்ராய்டு டேப்லேஅவுட்: தமிழுக்கு எதை மாற்ற வேண்டும்

மொரீஷியஸில் கோவில் ஆப் ஆகட்டும், தமிழ் வகுப்பு ஆப் ஆகட்டும், மேலே நிற்கும் டேப்களில் தமிழோடு பிரெஞ்சும் ஆங்கிலமும் வந்தே தீரும். கூகிளின் மெட்டீரியல் காம்போனன்ட்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும், டேப் வரிசையைக் காட்டும் டேப்லேஅவுட் இந்தக் கலவையைத் தாங்கும். ஆனால் வந்தபடியே விட்டால் அடி வாங்குவது தமிழ்தான்.

பெரிய சிக்கல் அகலம். 360 டிபி (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) திரையில் நான்கு டேப்களை ஃபிக்ஸ்டு முறையில், அதாவது சம அகலத்தில், வைத்தால் ஒன்றுக்கு 90. இருபுறமும் 12 டிபி பேடிங் (உள் இடைவெளி) போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 66. ‘காவடி’ தாராளமாக உட்காரும். ‘திருவிழாக்கள்’ உட்காராது, சொல் நடுவில் உடைந்து வால் மட்டும் இரண்டாம் வரியில் தொங்கும், எழுத்தும் 14 எஸ்பியிலிருந்து (எழுத்தளவின் அலகு) 12க்குச் சுருங்கும். டேப்களை அடுக்கும் முறையான டேப்மோடை ஆட்டோ ஆக்குங்கள்: இடம் இருக்கும்வரை நடுவில் நிற்கும், போதாவிட்டால் பக்கவாட்டில் நகரும். உயரத்தை 48 டிபி என்று பூட்டாதீர்கள். பெரியவர்கள் போனில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். அப்போது ‘கு’, ‘மு’வின் அடிச்சுழி வெட்டுப்படும்.

அடுத்தது ஸ்டைல். கூகிளின் பழைய வடிவமைப்பான மெட்டீரியல் 2 தீமில் டேப் எழுத்து பட்டன் ஸ்டைலிலிருந்து வருகிறது. அதில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் டெக்ஸ்ட்ஆல்கேப்ஸ் உண்டு, எழுத்து இடைவெளியும் கூடுதல். பிரெஞ்சுப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தாக, பக்கத்தில் தமிழ் அகட்டி வைத்த பல்போலத் தெரியும். ரூபாய் நோட்டிலேயே தமிழெழுத்து அச்சிடும் நாட்டில் இப்படி ஒரு தமிழைக் காட்டக் கூடாது. அதே ஸ்டைலைப் பேரன்டாக வைத்துப் புதிது ஒன்று எழுதி, டெக்ஸ்ட்ஆல்கேப்ஸை ஃபால்ஸ், லெட்டர்ஸ்பேசிங்கை 0 ஆக்கி, டேப்டெக்ஸ்ட்அப்பியரன்ஸில் கொடுங்கள். மெட்டீரியல் 3இல் பெரிய எழுத்துத் தொல்லை இல்லை.

விரலால் தள்ளிப் பக்கம் மாற்றும் வியூபேஜர்2 சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை டேப்களோடு இணைக்கும் டேப்லேஅவுட்மீடியேட்டரின் அட்டாச் ஓடியதும் எக்ஸ்எம்எல்லில் எழுதிய டேப்கள் மொத்தமும் அழிந்து புதிதாக உருவாகும். ஐகான் காணோம் என்று தேடுவது இதனால்தான். பெயரையும் ஐகானையும் மீடியேட்டரின் கால்பேக்கிலேயே வையுங்கள்.

தேர்ந்த டேப்பின் அடியில் வரும் கோட்டின் நிறம், தடிமன் எல்லாம் ஒற்றை வரி வேலை. டேப்இண்டிகேட்டர்ஃபுல்வித்தை ஃபால்ஸ் ஆக்கினால் கோடு சொல்லின் அகலத்துக்கே அடங்கும், தமிழுக்கு அது அழகு.

டேப்புக்குள் நாமே வடிவமைத்து வைக்கும் கஸ்டம் வியூவுக்கு அவசரப்பட வேண்டாம். தமிழ் எழுத்துரு மட்டும் வேண்டுமென்றால் மேலே சொன்ன ஸ்டைலில் ஃபான்ட்ஃபேமிலி போதும். கஸ்டம் வியூவில் டேப்செலெக்டட்டெக்ஸ்ட்கலர் வேலை செய்யாது. தேர்ந்த டேப்புக்கான நிறத்தை நீங்களே செலெக்டர் கோப்பாக எழுதியாக வேண்டும்.