1,850 ரூபாய் ஒளியியல் பெட்டி: பள்ளிக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டியோடு வரும் செய்முறைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசி நான்கு பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வள்ளியூருக்கும் பணகுடிக்கும் நடுவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் இரண்டாவது பாடமே ஒளியியல். அதற்கு எங்கள் ஆய்வகத்தில் இருந்தவை ஒரு கண்ணாடிப் பாளம், இரண்டு குவிலென்சு, முனை உடைந்த ஒரு முப்பட்டகம், அவ்வளவுதான். போன ஜூன் மாதம் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து கொடுத்த பணத்தில் இந்தப் பெட்டியை இணையத்தில் வாங்கினேன். இதே பெட்டி நாலைந்து பெயர்களில், வேறு வேறு அட்டைப் படத்தோடு விற்கிறது. அதனால் பெயரைப் பார்க்க வேண்டாம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். எங்களுக்கு வந்ததில் ஒரு சிவப்பு லேசர், மில்லிமீட்டருக்கு 500 கோடுகள் கொண்ட கீற்றணி (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தாள்), போலராய்டு தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) இரண்டு, அக்ரிலிக் முப்பட்டகம், மூன்று லென்சுகள், நிறத்தாள்கள், ஒரு மீட்டர் பிளாஸ்டிக் ஒளியிழை, காட்சிப் பிழை அட்டைகள் பன்னிரண்டு இருந்தன.

அந்த அட்டைகளைத்தான் புத்தகம் கடைசியில் விளையாட்டு மாதிரி வைத்திருக்கிறது. நான் முதல் நாளே அவற்றை எடுத்தேன். 1889-இல் முல்லர்-லையர் வரைந்த இரண்டு கோடுகள் முதல் அட்டை. ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்ளே மடங்கியிருக்கும், இன்னொன்றில் வெளியே விரிந்திருக்கும். எது நீளம் என்று கேட்டேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில் வெளியே விரிந்ததுதான் என்றது. ஸ்கேல் வைத்துப் பார்த்ததும் இரண்டும் சமம். சரி, இது பலருக்குத் தெரிந்ததுதான்.

அடுத்தது அடெல்சன் 1995-இல் உருவாக்கிய சதுரங்கக் கட்டம். ஒரு தூணின் நிழல் விழும் கட்டம் வெள்ளையாகவும், நிழலுக்கு வெளியே இருக்கும் கட்டம் கறுப்பாகவும் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். நான் சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் எழுந்து, "டீச்சர், வெட்டிப் பாக்கட்டா?" என்றான். ஜெராக்ஸ் பிரதியைக் கொடுத்தேன். நிழலில் இருந்த கட்டத்தைக் கத்தரித்து மற்றதன் மேல் வைத்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏல, ரெண்டும் ஒண்ணுதாம்ல!"

நிழலுக்குள் இருக்கும் பொருள் உண்மையில் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கும் என்று மூளை தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அது கண்ணின் குறை இல்லை, திறமை. ஆனால் அளக்கும் வேலைக்கு அந்தத் திறமை உதவாது. இது புரிந்த நாளிலிருந்து எங்கள் வகுப்பில் ஸ்கேலைக் கையில் எடுக்க நான் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாக ஒளியியல் பாடத்தை ஒளிவிலகல் விதிகளில் தொடங்கிய எனக்கு இது பெரிய பாடம்.

குருட்டுப்புள்ளி அட்டையும் நன்றாக இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் தாளில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு கூட்டல் குறியும் வலப்பக்கம் ஒரு புள்ளியும் போட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும். ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டரில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியே போகிற இடம் அது.

மூன்றாம் நாள் நடந்தது எந்த அட்டையிலும் இல்லாதது. ஒன்பதாம் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண், வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "எங்க வீட்டு மாடியில நின்னு சாயங்காலம் பாத்தா காத்தாடி திடீர்னு மாத்திச் சுத்துது டீச்சர். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காவ." இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு வழிநெடுக காற்றாலைகள்தான். மறுநாள் சாயங்காலம் ஆறு பேர் அவள் வீட்டு மாடிக்குப் போனோம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, காற்றாடிகள் வெறும் கறுப்பு உருவமாக நின்றன. ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலஞ்சுழியாகச் சுற்றியது, கண் சிமிட்டாமலேயே இடஞ்சுழியாக மாறியது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நேரத்தில்.

காரணம் இதுதான். தூரத்தில், சாய்வாக, கறுப்பு உருவமாக மட்டும் தெரியும்போது அந்தக் காற்றாடி நம்மைப் பார்த்து நிற்கிறதா, முதுகு காட்டி நிற்கிறதா என்று சொல்லும் அடையாளம் எதுவும் கண்ணுக்குக் கிடைப்பதில்லை. மூளை ஒன்றை முடிவு செய்கிறது. அந்த முடிவு மாறும்போது சுழலும் திசையும் மாறித் தெரிகிறது. ஐரோப்பாவில் பழைய மர இறக்கைக் காற்றாலைகளைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் தினமும் நடக்கிறது. அட்டைகளை முதலில் எடுக்காமல் இருந்திருந்தால் அவள் வாய் திறந்திருக்கவே மாட்டாள்.

இப்போது பெட்டியில் மிகவும் மதிப்புள்ள பொருளுக்கு வருகிறேன்: கீற்றணி. பார்க்க வெறும் பிளாஸ்டிக் தாள். லேசரை அதன் வழியே சுவரில் அடித்தால் நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் புதிய புள்ளிகள் வருகின்றன. கோட்டு இடைவெளி 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு), லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தொலைவில் முதல் புள்ளி நடுவிலிருந்து 34.4 செ.மீ. தள்ளி விழ வேண்டும். கணக்கை முதலில் கரும்பலகையில் போட்டுவிட்டு அளக்கச் சொன்னேன். மூன்று குழுக்களுக்கு 34, 35, 33.5 வந்தது. நான்காவது குழுவுக்கு 29. அழித்துவிட்டு 34 என்று எழுதப் போனார்கள். வேண்டாம், எங்கே தவறியது என்று பாருங்கள் என்றேன். சுவருக்கும் லேசருக்கும் இடையே ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். கீற்றணியோ லேசருக்கு 15 செ.மீ. முன்னால் நின்றது. 85 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் 29 சரியான விடை. அந்தக் குழுவின் குறிப்பேட்டைத்தான் இப்போது எல்லோருக்கும் காட்டுகிறேன்.

ஒருவன் வீட்டிலிருந்து அக்காவின் கல்யாண வீடியோ சிடி கொண்டுவந்தான். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74. டிவிடியில் புள்ளிகள் இன்னும் அகலமாக விலகி ஓடுவதைப் பார்த்ததும், நெருக்கமான கோடு என்றால் அதிக விலகல் என்று அவர்களே சொன்னார்கள். கீற்றணியைக் கண்ணருகே வைத்து விளக்குகளைப் பார்க்கலாம் (லேசரையும் சூரியனையும் ஒருபோதும் கூடாது). பழைய சிஎஃப்எல் பல்பில் நிறங்கள் தனித்தனிக் கோடாகத் தெரியும், எல்இடி பல்பில் தொடர்ச்சியாகத் தெரியும். ஒரு பையன் அதை ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு எடுத்துப்போய் சீரியல் லைட்டுகளைப் பார்த்து வந்து, சிவப்பு விளக்கில் சிவப்பு மட்டும்தான் இருக்கிறது, வெள்ளையில் எல்லா நிறமும் இருக்கிறது என்றான். வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான், மேலே பூசிய பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. அந்த நீல எல்இடிக்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

போலராய்டு தாள்களும் நல்ல தரம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் திருப்பினால் இருட்டாகிறது, நடுவில் ஒட்டுநாடா ஒட்டிய கண்ணாடியை நுழைத்தால் நிறம் நிறமாக வருகிறது. இரண்டு தாள் நாற்பது பிள்ளைகளுக்குப் போதாது. தனியாக இன்னும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒளியிழை பரவாயில்லை ரகம். ஒரு மில்லிமீட்டர் தடிமன், வளைத்தாலும் மறுமுனையில் வெளிச்சம் வரும், அத்துடன் சரி. தண்ணீர்ப் பாட்டிலில் ஓட்டை போட்டு, பாயும் நீருக்குள் லேசரைச் செலுத்தினால் முழு அக எதிரொளிப்பு (ஒளி வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே பட்டுத் திரும்புவது) இதைவிட அழகாகத் தெரியும். லேசர் இல்லாத காலத்தில், 1841-இல், கொலடான் என்ற இயற்பியலாளர் ஜெனீவாவில் செய்து காட்டியது அதுதான். ஒரு மாணவியின் அண்ணன் இணைய இணைப்பு கொடுக்கும் வேலை செய்கிறார். அவர் வெட்டிப்போட்ட கண்ணாடி இழைத் துண்டும், பழுது பார்க்கும் சிவப்பு விளக்குப் பேனாவும் கொண்டுவந்தார். இழையின் தடிமன் 0.125 மி.மீ., ஒளி போகும் உள்பகுதி அதிலும் 9 மைக்ரான்தான். இறுக்கி வளைத்ததும் அந்த இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. "வீட்ல ஒயரை மடக்காதீங்கன்னு இதுக்குத்தான் சொல்லுதோம்" என்றார். இணைப்பில் உள்ள இழையில் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

குறைகளைச் சொல்ல வேண்டும். ஒரு குவிலென்சு உடைந்து வந்தது, மாற்றித்தர விற்பனையாளர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அக்ரிலிக் முப்பட்டகம் மங்கல், கீறல் விழுந்திருக்கிறது. கண்ணாடி முப்பட்டகம் தனியாக வாங்குவதே நல்லது. லேசர்தான் எனக்கு மிகவும் கவலை தந்தது. ஒரு மில்லிவாட்டுக்குக் குறைவு என்று ஒட்டியிருக்கிறார்கள், அந்தச் சீட்டை நம்பிப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு மரக்கட்டையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, உட்கார்ந்திருப்பவர்களின் கண் மட்டத்துக்குக் கீழே, சுவரை நோக்கி மட்டும் வைத்தேன். சிடியில் பட்ட ஒளி லேசர் பக்கமே திரும்பி வரும் என்பதால், சிடி வைக்கும்போது அந்தப் பக்கம் யாரையும் நிற்க விடவில்லை. தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஊசித்துளைக் காமிரா அட்டை நைந்த அட்டை, இரண்டாம் நாளே கிழிந்தது. எங்கள் பழைய ஓட்டுக் கட்டடம் அதைவிட மேல். ஆகஸ்ட் கடைசியில் நண்பகல் 12.20-க்கு எங்கள் ஊரில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். ஓட்டுச் சந்து என்ன வடிவமாக இருந்தாலும் தரையில் விழுவது வட்டம், சூரியனின் பிம்பம். நான்கு மீட்டர் உயரத்துக்கு அது மூன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். உயரத்தை விட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ 108 வர வேண்டும், எங்களுக்கு 105 வந்தது. சூரியன் இருக்கும் தூரமான 15 கோடி கிலோமீட்டரை அதால் வகுத்துச் சூரியனின் விட்டம் 14 லட்சம் கிலோமீட்டர் என்று பிள்ளைகள் சாக்பீஸால் தரையிலேயே எழுதினார்கள்.

ராமன் விளைவு (ஒரு பொருளில் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவது) நடத்தும்போது ஒருத்தி கேட்டாள்: கண்ணை நம்பக் கூடாது என்றால் ராமன் எப்படி முதலில் கண்ணாலேயே பார்த்தார்? நியாயமான கேள்வி. 1928-இல் அவரும் கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஒரு நிற வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். அந்த நிறத்தை முழுதாக மறிக்கும் இன்னொரு வடிகட்டியை வைத்து, திரவத்திலிருந்து பக்கவாட்டில் சிதறி வருவதைப் பார்த்தார்கள். அப்போதும் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது என்றால், அது உள்ளே போகாத நிறம். கண்ணுக்கு விட்டது 'இருக்கிறதா, இல்லையா' என்ற கேள்வியை மட்டும். பெட்டியில் உள்ள நிறத்தாள்களை ஜோடி ஜோடியாக வைத்து, எந்த இரண்டு சேர்ந்தால் இருட்டாகிறது என்று அன்று தேடினோம். முழு இருட்டு தரும் ஜோடி ஒன்றும் கிடைக்கவில்லை. தாள்கள் மலிவு ரகம்.

இவ்வளவு பணம் இல்லாத பள்ளிகள் கீற்றணியும் போலராய்டும் மட்டும் தனியாக வாங்குங்கள், மற்றவை ஊரிலேயே கிடைக்கும். நெல்லைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக முடிந்தால் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் போய் வாருங்கள்.

செய்முறைப் புத்தகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தமிழில் நாற்பது பக்க நோட்டில் எழுதிவிட்டார்கள், அட்டைகள் முதலில் வரும்படி. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம். காற்றாடிப் பக்கத்தை அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணே எழுதி, தன் வீட்டு மாடியிலிருந்து தெரியும் ஏழு காற்றாடிகளையும் வரைந்திருக்கிறாள்.