வருடத்துக்கு 1,20,000 ரூபாய்: ஐந்து வருடம் ஓட்டிப் பார்த்த சேமிப்பு முறை

ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் எடுத்து வைப்பது என்று 2020இல் நானும் மனைவியும் முடிவு செய்தோம். மதுரையில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், என் சம்பளம், மனைவிக்குத் தையலில் வருவது. அப்போது தொடங்கிய அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் ஐந்து வருடத் தொடர் வைப்பு) 2025 ஆகஸ்டில் முதிர்ந்து கையில் பணம் வந்தது. ஒரு சுற்று முழுதாக ஓடி முடிந்துவிட்டதால், எது வேலை செய்தது, எது தொல்லை கொடுத்தது என்று இப்போது சொல்லலாம்.

மாதம் 10,000 என்பதை மூன்றாகப் பிரித்தோம். பி.பி.எஃப். என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டத்தில் 5,000, அஞ்சலக ஆர்.டி.யில் 3,000, பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.யில் 2,000.

அஞ்சலக ஆர்.டி.யை எங்கள் தெருவில் வசூலுக்கு வரும் ஏஜென்ட் அக்கா மூலமாகத்தான் போட்டோம். அவர் கமிஷன் அரசாங்கம் கொடுப்பது, நாம் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. மாத முதல் வாரத்தில் வந்து பணத்தை எண்ணி வாங்கி, அட்டையில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். 15ஆம் தேதிக்கு முன் தொடங்கிய கணக்கென்றால் மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். “தம்பி, பதினஞ்சைத் தாண்டினா ஃபைன் போட்டுருவாங்க, பாத்துக்கோங்க” என்பார். அபராதம் ஒன்றும் பெரிதில்லை. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கணக்கில் எங்களுக்கு 30 ரூபாய்தான் வரும். ஆனால் வாசலில் ஆள் வந்து நிற்கும்போது இந்த மாதம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆப்பில் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி வைக்க இரண்டு தட்டு போதும், யாரும் கேட்கப் போவதில்லை. ஆட்டோ டெபிட்டை எல்லோரும் புகழ்கிறார்கள். என் அனுபவத்தில் அக்காவின் அட்டைக்குத்தான் பிடிமானம் அதிகம்.

நாங்கள் தொடங்கியபோது வட்டி 5.8 சதவீதம். ஆர்.டி.யில் தொடங்கிய நாளின் வட்டியே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். அப்புறம் 2023இல் வட்டி படிப்படியாக ஏறி 6.7க்கு வந்தபோது எங்களுக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனமில்லை. மூன்று வருடம் ஆனபின் முடித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று யோசித்தோம். ஆனால் முன்கூட்டியே முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள் என்பதால் விட்டுவிட்டோம். கட்டியது 1,80,000, வந்தது சுமார் 2,09,000. விலைவாசியோடு வைத்துப் பார்த்தால் பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே தொகையாக இரண்டு லட்சத்துக்கு மேல் எங்கள் கையில் வந்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 கடைசியில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஆர்.டி.யை உடைக்காமல் அதன் பேரிலேயே 40,000 கடன் எடுத்தோம். ஒரு வருடம் தவறாமல் கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை தருவார்கள், வட்டி ஆர்.டி. வட்டியை விட 2 சதவீதம் கூடுதல். 7.8 சதவீதத்துக்கு வேறு யார் கடன் தருவார்கள்? நகையை அடகு வைக்கப் போவதற்கு முன் இதை ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

பி.பி.எஃப். பற்றி அதிகம் சொல்ல இல்லை. 15 வருடம் கிடக்கும், வட்டிக்கு வரி கிடையாது, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். 5ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி உண்டு என்று அலாரம் வைத்துக்கொண்டு பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் சம்பளம் சில மாதம் 6ஆம் தேதிதான் வரும். 5,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 30 ரூபாய்கூட வராது. மொத்தமாக ஒன்றரை லட்சத்தை ஏப்ரலில் போடுகிறவர்கள்தான் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். வருமான வரியில் புதிய முறைக்கு மாறிய பிறகு சேமிப்புக்குக் கிடைக்கும் 80சி கழிவும் எனக்கில்லை. இருந்தாலும் தொடர்கிறேன். எளிதில் எடுக்க முடியாது என்பதே எனக்குப் போதுமான காரணம். எஸ்.ஐ.பி.யில் ஒரே ஒரு விதி: வருட இலக்கான 1,20,000 கணக்கில் நாங்கள் கட்டிய தொகையை மட்டும்தான் எழுதுவோம். சந்தை ஏறிவிட்டது, இந்த வருடம் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்ற பேச்சுக்கு வீட்டில் இடமில்லை.

சரி, இந்த மூன்றும் தடையில்லாமல் ஓடியதற்குக் காரணம் வேறு. வருடச் சேமிப்பைக் கவிழ்ப்பது டீ, சினிமா, ஸ்விக்கி இல்லை. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், ஐப்பசியில் தீபாவளி, நடுவில் வண்டி இன்சூரன்ஸ், அப்புறம் மொய். எல்லாமே வரும் என்று தெரிந்த செலவு. வரும்போது மட்டும் திடீரென்று வந்ததுபோல் திகைத்து நிற்போம். அதனால் இலக்கில் சேராத தனிப்பணமாக மாதம் 6,000 ஒதுக்கினோம். அதில் 3,000 வங்கியில் ஒரு வருட ஆர்.டி., மே மாதம் முதிர்கிற மாதிரி. இது ஃபீஸுக்கு. தீபாவளிக்கும் இன்சூரன்ஸுக்கும் 1,500, செப்டம்பரில் முதிரும். மீதி 1,500 தனி சேமிப்புக் கணக்கில், அது முழுக்க மொய்க்கு. தீபாவளிச் சீட்டுப் பிடிப்பவர்களும் செய்வது இதைத்தான். பணம் வங்கியில் கிடந்தால் தூக்கம் கெடாது என்பதுதான் வித்தியாசம்.

மொய் விஷயத்தை மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூத்தவளின் காதுகுத்துக்கு எழுதிய மொய் நோட்டு பீரோவில் இருக்கிறது. உள்ளூர், சோழவந்தான், உசிலம்பட்டி என்று ஊர்வாரியாகப் பெயர், பக்கத்தில் தொகை. நாங்கள் திருப்பிச் செய்துவிட்டவர்களுக்கு மனைவி பென்சிலில் டிக் அடித்து வைத்திருக்கிறாள். பங்குனி வாக்கில் உட்கார்ந்து, டிக் இல்லாத பெயர்களில் யார் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்ணோ பையனோ இருக்கிறார்கள், யார் வீடு கட்டி முடிக்கப் போகிறார்கள் என்று பார்ப்போம். 1,001 வைத்தவருக்கு அதே 1,001 திருப்பினால் முகம் கோணும், கூட்டித்தான் வைக்க வேண்டும். அப்படி வைக்க வேண்டியதையெல்லாம் மொத்தமாகப் போட்டுப் பார்த்தால் அந்த வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு தொகை வந்துவிடும். வைகாசியிலும் ஆவணியிலும் கணக்கு காலியாகும், முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மறுபடி தேறும். தாய்மாமன் சீர் வந்தால் மட்டும் இந்த 1,500 தாங்காது. அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே கூட்ட வேண்டும்.

நகைச்சீட்டை இலக்கில் சேர்க்கலாமா என்று என் தம்பி கேட்டான். நான் சேர்ப்பதில்லை. 11 மாதம் கட்டி, கடைசியில் அந்தக் கடையில் நகைதான் எடுக்க முடியும். சேதாரத்தில் சலுகை கிடைக்கும், ஜி.எஸ்.டி. 3 சதவீதம் தனி. தங்கம் ஏறுகிற காலத்தில் மாதாமாதம் கிராமாக வரவு வைக்கும் சீட்டு லாபம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் அது முன்பணம் கட்டி நகை வாங்குவது. பிள்ளைகளுக்கு நகை வேண்டும் என்றால் தாராளமாகக் கட்டலாம், சேமிப்பு என்று எழுத வேண்டாம்.

கிரெடிட் கார்டில் பாக்கி நிற்பவர்களுக்கு இந்த முறையே வேண்டாம். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு ஆர்.டி. போடுவதில் அர்த்தமில்லை, முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

முதிர்ந்த பணத்தில் இரண்டு லட்சத்தை வங்கியில் டெபாசிட் செய்தோம். மிச்சத்தில் மனைவிக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின். புது ஆர்.டி. 6.7 சதவீதத்தில் மாதம் 4,000. அதனால் வருட இலக்கு 1,32,000 ஆகிவிட்டது. மூத்தவள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், ட்யூஷன் ஃபீஸுக்கு மே மாத ஆர்.டி.யையும் 4,000 ஆக்க வேண்டும். அந்த ஆயிரத்தை எங்கிருந்து எடுப்பது என்று இன்னும் பேசி முடியவில்லை.