ஊருக்குப் போய் கடற்கரையில் ஆறுதலாக இருக்க: பருத்தித்துறை அனுபவம்

கனடா, லண்டனில் இருந்து ஊருக்குப் போகிற எங்கள் ஆட்களில் பலர் யாழ்ப்பாண ரவுணில் அறை எடுத்து, வான் பிடித்து, நல்லூர், கீரிமலை, கசூரினா என்று ஓடி ஓடிக் களைத்துத்தான் திரும்புகிறார்கள். நடக்கவும் கடல் பார்க்கவும் ஊர்ச் சாப்பாடு சாப்பிடவும்தான் ஆசை என்றால் பருத்தித்துறை இருக்கிற வடமராட்சிக் கரையில், குடாநாட்டின் வடகிழக்குப் பக்கத்தில், தங்குங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து 750 பஸ் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்கு வரும், பெரிய சூட்கேஸ் இல்லாவிட்டால் அதுவே போதும்.

நாங்கள் போனது ஆடியில், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற காலம், வடக்குக் கடல் அடங்கிக் கிடந்தது. மார்கழி லீவுக்குப் போகிறவர்கள் வாடைக்காற்றையும் மழையையும் யோசித்து நாள் குறியுங்கள்.

நடையை விடியவே தொடங்கிவிட வேண்டும். வெளிச்சவீட்டில் இருந்து கரையோர றோட்டால் மேற்கே வல்வெட்டித்துறை வரை ஏறத்தாழ 8 கிலோமீற்றர், நிழல் குறைவு. கால் நொந்தால் பாதியில் ஓட்டோ பிடிக்கலாம், ஏற முதல் விலை பேசுங்கள்.

தங்கிய இடத்தில் அறை சுத்தம், ஆட்களும் நல்ல மாதிரி. ஆனால் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, இரவுக்கு ஃப்ரைட் ரைஸும் கோழியும்தான் வந்தது. வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகள் மீன்முள்ளுக்குப் பயப்படுவார்கள் என்றுதான் அப்படிச் சமைக்கிறார்களாம். எனக்கு அது உண்மையிலேயே மனவருத்தமாக இருந்தது. சரி, எங்களுக்கு ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வைத்தோம், அன்று பின்னேரம், காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் வந்தது: நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, புளியும் உறைப்பும் தூக்கலாக, பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றி. பிள்ளைகள் மூக்கு ஒழுக ஒழுக இரண்டாம் தரமும் கேட்டுக் குடித்தார்கள். ஆகவே அறை பதியும்போதே சாப்பாட்டையும் பேசிவிடுங்கள், சந்தைக்குப் போக அவர்களுக்கும் நேரம் வேண்டுமே.

காலைச் சாப்பாட்டை அறையோடு சேர்த்து எடுக்காதீர்கள். ஓடக்கரைப் பக்கம் நடந்து போனால் வீட்டோடு தோசை சுட்டு விற்கிறார்கள், தாளிதம் போட்ட மஞ்சள் தோசை, கூடவே சம்பல். அடுப்படியில் இருந்த அக்கா, “தம்பி, இன்னும் ரெண்டு போடட்டோ?” என்று கேட்டுக்கொண்டே கரண்டியால் மாவை ஊற்றிவிட்டார், வேண்டாம் என்று சொல்லவே மனம் வரவில்லை. அப்புறம் அப்படியே தெருமூடி மடத்தடிக்கு நடந்து, றோட்டை மூடி நிற்கிற அந்தக் கல் மடத்தின் திண்ணையில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம்.

திரும்பும்போது மொறுமொறுப்பான தட்டை வடை வாங்குவதென்றால் கடைசி நாளில் வாங்குங்கள், சூடு நன்றாக ஆறிய பிறகே கட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொழும்பு போய்ச் சேர முதலே இளகிவிடும்.